கட்டத்துக்குள் ஒரு 'இல்லை'



இரண்டு மாதங்களாக நான் எதுவும் எழுதவில்லை. "என்ன ஐயா, எழுதுவதை விட்டுவிட்டீர்களா?" என்று நண்பர்கள் இருவர் தொலைபேசியில் விசாரித்தார்கள். விடவில்லை. தலைசுற்றல். காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் அறையே ஒரு சுற்று சுற்றி வந்து நிற்கும். மருத்துவர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு, "எதற்கும் மூளைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றார். 'எதற்கும்' என்ற சொல்லைக் கேட்ட பிறகு எழுபதைத் தாண்டியவன் எவனும் நிம்மதியாக வீடு திரும்பியதில்லை.

பாரீசில் இருக்கும் என் தங்கையிடம் அன்றிரவு சொன்னேன். "இ.எர்.எம். தானே அண்ணே? நான் போன வருஷம் எடுத்தேன். உள்ளேயே தூங்கிட்டேன். பயப்படாதே" என்றாள். பிரஞ்சுக்காரர்களுக்கு அது இ.எர்.எம். நமக்கு எம்.ஆர்.ஐ. எழுத்துகளை மாற்றிப் போட்டாலும் குழாய் ஒன்றுதான்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஓர் அட்டையில் செருகிய இரண்டு பக்கப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். நான் 36 ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படிவம் எனக்கு நட்பும் அல்ல, பகையும் அல்ல. அது என் பிழைப்பு. எத்தனை ஆயிரம் படிவங்களைச் சரிபார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இது ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்தது பிரஞ்சு வழியில். ஆங்கிலம், வேலைக்குச் சேர்ந்த பிறகு துறைத் தேர்வுக்காகக் கற்றது. ஆனாலும் படிவ ஆங்கிலம் எனக்கு அத்துப்படி.

இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? மூளை இரத்தக் குழாயில் கிளிப் போட்டிருக்கிறதா? காதுக்குள் கருவி? சிறுநீரகக் கோளாறு? உடலில் குண்டு, வெடித்த சில்லு? எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் பழைய பழக்கத்தில், மேலிருந்து கீழாக 'இல்லை' கட்டங்களில் வரிசையாகக் குறி போட்டுக்கொண்டே போய்க் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

உள்ளே இருந்து வந்த இளம்பெண், ஸ்கேன் எடுப்பவர், என் பேத்தி வயது இருக்கும். படிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுதியதை நம்பாதவர் போல மறுபடியும் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்க ஆரம்பித்தார். எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. "ஐயா, எப்பவாவது கண்ணுல இரும்புத் தூள் விழுந்திருக்கா? வெல்டிங், கிரைண்டிங் வேலை செஞ்சிருக்கீங்களா?"

"அது ஐம்பது வருஷத்துக்கு முந்தி நடந்தது, அம்மா."

"ஐம்பது வருஷமானாலும் இரும்பு இரும்புதானே, ஐயா" என்றார் அவர்.

1971. பிரஞ்சுப் பள்ளியில் பிரெவே முடித்துவிட்டு நின்ற காலம். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டில் அது சட்டப்படி முழுமை பெற்றபின், பிரஞ்சு மட்டும் தெரிந்த எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளூரில் வேலை கிடைப்பது எளிதாக இல்லை. ஆங்கிலம் கற்கும் வரை மாமாவின் இரும்புப் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். ஒரு நாள் கிரைண்டரில் கம்பியைப் பிடித்தபோது பறந்த பொறி வலது கண்ணில் விழுந்தது. கண் மருத்துவர் ஊசி முனையால் ஒரு துகளை எடுத்து, வெள்ளைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். எறும்பின் தலையைவிடச் சிறியது. ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். பிறகு மறந்தே போனேன். அன்று விழுந்தது ஒரு துகளா, இரண்டா? அதை நான் யோசித்ததே இல்லை.

அந்தப் பெண் என் படிவத்தில் ஓர் 'இல்லை'யை அடித்து 'ஆம்' ஆக்கினார். பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார். முதலில் கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே, அதில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே ஸ்கேன் என்று சொல்லிவிட்டார். என் முறை போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

வீடு திரும்பிய பிறகு, அந்தக் கேள்வி படிவத்துக்குள் எப்படி வந்தது என்று தேடினேன். தேடத் தேட, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

தம் தலையைக் கொடுத்தவர்கள்

காந்தம் உடம்பை என்ன செய்யும் என்ற கேள்வி பழையது. 1892-இல் அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பீட்டர்சன், கென்னலி என்ற இருவர் ஒரு நாயைப் பெரிய காந்தத்துக்குள் ஐந்து மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிறுவனையும் காந்தப் புலத்தில் வைத்துப் பார்த்தார்கள். எந்தப் பாதிப்பும் தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1896-இல், பிரஞ்சு அறிஞர் தார்சோன்வால் வேறொன்றைக் கண்டார். மின்சாரம் மாறி மாறிப் பாயும் கம்பிச் சுருளுக்குள் தலையை வைத்தால், கண்ணை மூடியிருந்தாலும் ஒளி மினுக்குவது போலத் தெரிகிறது என்று எழுதினார். அசையாமல் இருக்கும் காந்தம் சும்மா இருக்கிறது, மாறிக்கொண்டே இருக்கும் காந்தம் நரம்பைச் சீண்டுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் போன பிறகு இது உதவும்.

1946-இல் பிளாக், பர்செல் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள், தனித்தனியே, ஒரே உண்மையைக் கண்டார்கள். நம் உடம்பில் இருக்கும் தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அதன் அணுக்கரு ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்த ஊசி. வலுவான காந்தத்துக்குள் வைத்து, சரியான அலைவரிசையில் ரேடியோ அலையை அனுப்பினால் அது அசைந்து, பதிலுக்கு ஒரு மெல்லிய ரேடியோ ஒலிபரப்பைத் தருகிறது. 1952-இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு இடையில் நடந்தது. 1948-இல் பர்செலும் அவருடைய நண்பர் ராம்சேயும் ஹார்வர்டில் இருந்த பெரிய சைக்ளோட்ரான் காந்தத்துக்குள் தங்கள் தலைகளையே விட்டுப் பார்த்தார்கள். உணர்ந்தது ஒன்றே ஒன்று. தலையை அசைத்தபோது, பல்லில் அடைத்திருந்த உலோகத்தின் சுவை பர்செலின் நாக்கில் தெரிந்தது. இன்றைக்கும் பெரிய காந்தங்களுக்குள் போகிறவர்கள் சிலர் இந்த உலோகச் சுவையைச் சொல்கிறார்கள்.

இந்த ஒலிபரப்பிலிருந்து படம் எடுக்க முடியும் என்ற எண்ணம், அமெரிக்க வேதியியலாளர் லாட்டர்பருக்கு 1971 செப்டம்பரில் தோன்றியது. காந்தப் புலத்தை ஓர் இடத்தில் கூட்டியும் இன்னோர் இடத்தில் குறைத்தும் வைத்தால், எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துவிடலாம். அவர் எழுதிய கட்டுரையை 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. 1973-இல் அதே இதழில் அது வெளிவந்தது. அதே 1971-இல் டமேடியன் என்ற மருத்துவர், எலிகளின் புற்றுக்கட்டி நல்ல திசுவிலிருந்து வேறுபட்ட குறிப்பைத் தருகிறது என்று காட்டியிருந்தார்.

டமேடியன் ஒரு முழு மனித உடம்பு நுழையும் அளவுக்கு இயந்திரம் கட்டினார். 'அடங்காதது' என்ற பொருளில் அதற்கு இன்டாமிடபிள் என்று பெயர். முதலில் அவரே உள்ளே உட்கார்ந்தார். குறிப்பு எதுவும் வரவில்லை. அவருடைய பருமன்தான் காரணம் என்று முடிவு செய்தார்கள். அவருக்கு ஏதேனும் ஆகிறதா என்று சில வாரங்கள் பார்த்துவிட்டு, 1977 ஜூலை 3 அன்று அவருடைய ஒல்லியான மாணவர் மின்காஃப் உள்ளே போனார். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அசையாமல் இருந்தார். கிடைத்தது மார்பின் குறுக்கே நூற்றுச் சொச்சம் புள்ளிகளால் ஆன ஒரு படம். எனக்கு எடுத்த இருபத்தைந்து நிமிடத்தில் நான் மூன்று முறை சலித்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இங்கிலாந்தில் மேன்ஸ்ஃபீல்ட் செய்தது இதைவிடத் துணிவானது. அவர் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, அச்சகத்தில் வேலை பழகியவர். பிறகு படித்துப் பேராசிரியரானவர். படத்தை விரைவாக எடுக்க அவர் காந்தப் புலத்தைப் படுவேகமாக மாற்ற வேண்டியிருந்தது. மாறும் காந்தம் நரம்பைச் சீண்டும் என்று பார்த்தோம் அல்லவா? அது இதயத்தையும் சீண்டித் துடிப்பைக் குலைத்துவிடலாம் என்று அவருக்கு எச்சரிக்கை வந்திருந்தது. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார், ஆபத்து இல்லை என்று நம்பினார். நம்பியதோடு நிற்காமல், 1978 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு தாமே அந்த இயந்திரத்துக்குள் போய் நின்றார். முதலில் ஒரே ஒரு துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகே படம் எடுத்தார்கள். வயிற்றின் குறுக்குவெட்டுப் படம் அவருடையதுதான். தம் கணக்கில் தவறு இருந்தால் பிறர் அனுபவிக்கக் கூடாது என்று தாமே உள்ளே போனவர் அவர். லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. டமேடியனுக்குக் கிடைக்கவில்லை. அவர் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து முறையிட்டது தனிக் கதை.

பெயரையும் சொல்ல வேண்டும். இந்த முறைக்கு முதலில் 'அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு' என்றுதான் பெயர். அணு என்றாலே குண்டும் கதிர்வீச்சும் நினைவுக்கு வந்த காலம் அது. நோயாளிகள் மிரண்டார்கள். 'அணுக்கரு'வை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார்கள். உண்மையில் எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் உள்ள வகைக் கதிர் இதில் இல்லை. இதன் ஆபத்துகள் வேறு வகை.

கேள்விகள் பிறந்த விதம்

இனி படிவத்துக்கு வருகிறேன். கண்ணில் இரும்புத் துகள் பற்றிய கேள்வி. அமெரிக்காவில் உலோகத் தகடு வேலை செய்துவந்த ஒருவர், தமக்கே தெரியாமல் கண்ணுக்குள் ஓர் இரும்புத் துகளைச் சுமந்துகொண்டு ஸ்கேனுக்குள் போனார். காந்தம் அதை நகர்த்தியது. உள்ளே இரத்தம் கசிந்து அந்தக் கண்ணில் பார்வை போயிற்று. 1986-இல் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. கண்ணில் புகுந்த இரும்பை வெளியே இழுக்க மின்காந்தத்தைப் பயன்படுத்தும் முறை, 1879-இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஹிர்ஷ்பெர்க் காலத்திலிருந்தே இருக்கிறது. அதே விசைதான். மருத்துவர் கையில் இருந்தால் காப்பாற்றும், யாருக்கும் தெரியாமல் இழுத்தால் குருடாக்கும்.

மூளைக் குழாய்க் கிளிப் பற்றிய கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் ஒரு பெண்மணிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அவர் தலையில் கிளிப் இருப்பது எல்லாருக்கும் தெரியும். பதிவேட்டைப் பார்த்தார்கள். காந்தம் ஈர்க்காத வகை என்று இருந்தது. ஆனால் தலைக்குள் இருந்தது ஈர்க்கும் வகை. கிளிப் நகர்ந்து இரத்தக் குழாய் கிழிந்து அவர் இறந்தார். 1993-இல் அதை மருத்துவர்கள் எழுதி வெளியிட்டார்கள். பதிவேட்டில் ஒரு தவறான பெயர். அதைப் படித்த அன்று எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. நான் எத்தனை பதிவேடுகள் எழுதியவன்!

அறைக்கு வெளியே ஒட்டியிருந்த எச்சரிக்கைகளின் கதை இன்னும் கொடியது. 2001 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஸ்கேனுக்குள் இருந்தபோது, அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஓர் இரும்பு ஆக்சிஜன் உருளையைக் காந்தம் இழுத்துக்கொண்டது. குழந்தை இறந்தான். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் கழகம் பாதுகாப்பு விதிகளை எழுதி வெளியிட்டது. யார் எந்தக் கதவு வரை வரலாம் என்று நான்கு மண்டலங்களாகப் பிரிக்கும் முறை அவற்றில் இருக்கிறது. விதி இருந்தும், 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் உறவினரைப் பார்க்க வந்த 32 வயது இளைஞர், கையில் ஆக்சிஜன் உருளையோடு அறைக்குள் போனார். அது அவரையும் சேர்த்து இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. கசிந்த ஆக்சிஜனைச் சுவாசித்து உயிர்விட்டார். இயந்திரம் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லி அனுப்பியதாக உறவினர்கள் கூறினார்கள்.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் உறங்குவதில்லை. இரவு, ஞாயிறு, பொங்கல் விடுமுறை எல்லா நாளும் அது முழு வலுவோடு இருக்கும். சாதாரண இயந்திரத்தின் 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்த வலுவைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அருகே போகப் போக இழுப்பு சீராகக் கூடாது. ஓர் அடியில் ஒன்றும் தெரியாது, அடுத்த அடியில் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

எக்ஸ்ரேயில் என் கண் சுத்தம் என்று வந்தது. மறுபடியும் உடுப்பு மாற்றும் அறை. சட்டைப் பை, கைக்கடிகாரம், மோதிரம், பற்செட்டு, காது கேட்கும் கருவி என்று வரிசையாகக் கேட்டார் அந்தப் பெண். "அரைஞாண் கயிறு வெள்ளியா ஐயா? தாயத்து ஏதும்?" என்றும் கேட்டார். வெள்ளியையும் செம்பையும் காந்தம் இழுக்காதே என்றேன், படித்த மிடுக்கில். "இழுக்காது ஐயா, ஆனா ரேடியோ அலையில சூடாகும். தோல் வெந்துடும்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

குழாய்க்குள்

அறைக்குள் கால் வைத்ததும் ஒரு சத்தம். சிக்... சிக்... என்று, பெரிய பல்லி சுவரில் இருப்பது போல. காந்தத்தின் கம்பிச் சுருளைக் குளிர்விக்கும் இயந்திரத்தின் சத்தம் அது. சுருள் திரவ ஹீலியத்தில், பூச்சியத்துக்குக் கீழே 269 டிகிரியில் மூழ்கி இருக்கிறது. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே கிடையாது. ஒருமுறை செலுத்திய மின்சாரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சுவிட்சைத் தட்டி அணைக்க முடிவதில்லை. அவசரத்தில் அணைத்தால் ஹீலியம் கொதித்து எழுநூறு மடங்குக்கு மேல் விரிந்து வாயுவாகும். அதைக் கூரைக்கு மேலே கொண்டுபோக ஒரு பெரிய குழாய் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஹீலியத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, ழான்சன் என்ற பிரஞ்சு வானியலாளர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்தார். சூரியனின் விளிம்பில் எழும் சுடர்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்தச் சுடர்களில் தெரிந்த மஞ்சள் கோடு, பூமியில் அறியாத ஒரு தனிமத்துடையது என்று லண்டனில் லாக்யர் கருதினார். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்று அது பெயர் பெற்றது. பூமியில் அதைக் கண்டது 1895-இல். குண்டூர் வானத்தில் தேடிய பொருள், என் தலைக்குப் பின்னால் சிக் சிக் என்றது.

படுக்கவைத்து, காதில் அடைப்பான் வைத்து, தலைக்கு மேல் ஒரு கூண்டை மாட்டினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து. முடியவில்லை என்றால் அமுக்க வேண்டும். "கையைக் கோத்துக்காதீங்க, காலைப் பின்னிக்காதீங்க" என்றார். உடம்பு தன்னையே தொட்டு ஒரு வளையம் ஆனால், ரேடியோ அலையால் அதில் மின்னோட்டம் பாய்ந்து, தொடும் இடத்தில் சுட்டுவிடுமாம்.

பலகை உள்ளே நகர்ந்தபோது தலை லேசாகச் சுற்றியது. தலைசுற்றலுக்காக ஸ்கேன் எடுக்கப் போனவனுக்கு அங்கேயும் தலைசுற்றல்! நோய்தான் என்று நினைத்தேன். பெரிய காந்தங்களுக்குள் நல்ல உடம்புக்காரர்களுக்கும் இது வருமாம். 2011-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காரணம் சொன்னார்கள். உள்காதில் நம்மை நிலைநிறுத்தும் திரவத்தில் எப்போதும் சிறு மின்னோட்டம் உண்டு. வலுவான காந்தம் அதைத் தள்ளுகிறது. மூளை, உடம்பு சுழல்வதாக ஏமாறுகிறது.

பிறகு தொடங்கியது இடி. முதலில் கதவைத் தட்டுவது போல. அடுத்து ரோடு உடைக்கும் இயந்திரம். பிறகு நாதசுரம் இல்லாத வெறும் தவில். காந்தப் புலத்தை மாற்றும் சுருள்களில் மின்சாரம் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திசை மாறும்போது, அவை காந்த விசையால் நெளிந்து அதிர்கின்றன. ஒலிபெருக்கி பேசுவதும் இதே தத்துவம்தான். சத்தம் 110 டெசிபல் வரைகூடப் போகும். காதடைப்பான் மரியாதைக்கு வைப்பது அல்ல. மேன்ஸ்ஃபீல்ட் தம் பிற்காலத்தில் இந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான் உழைத்தார். தாம் பெற்ற பிள்ளை ஊரைக் கூட்டுகிறதே என்று வருந்தியிருப்பார் போலும்.

நெற்றியில் இளஞ்சூடு பரவியது. ரேடியோ அலையின் ஒரு பகுதியை உடம்பு வாங்கிக்கொள்கிறது. வழக்கமான ஸ்கேனில் உடம்பின் சூடு அரை டிகிரிக்கு மேல் ஏறாதபடி வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் முதலில் எடை பார்த்தார்கள். நான் எழுபது கிலோ என்று உத்தேசமாகச் சொன்னதை ஏற்காமல் தராசில் ஏற்றியதன் காரணம் இப்போது புரிந்தது. ஒரு தடவை மூக்கருகே சதை படபடவென்று துடித்தது. தார்சோன்வால் 1896-இல் சொன்ன அதே சீண்டல்தான், ஒளிக்குப் பதில் துடிப்பாக.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். சத்தமும் சூடும் அல்ல, நெருக்கம்தான் பெரிய சோதனை. கண்ணைத் திறந்தபோது மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைச் சுவர். நெஞ்சு அடித்துக்கொண்டது. பந்தை அமுக்கப் போனேன். மூடிய கண்ணோடு உள்ளே போயிருந்தால் இது வந்திருக்காது. மறுபடி கண்ணை மூடி, ஐந்து மணி நேரம் உட்கார்ந்த மின்காஃபையெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சிறுவயதில் மனப்பாடம் செய்த பிரஞ்சு வினைச்சொல் வாய்பாட்டை மனத்துக்குள் ஒப்பித்தேன். நாற்பது வினை முடிவதற்குள் பலகை வெளியே வந்துவிட்டது.

என் மூளையை அந்த இரைச்சலிலிருந்து படமாக்கித் தந்த கணிதம் ஓர் அரசு ஊழியருடையது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஃபூரியே, பிரான்சில் கிரெனோபிள் நகரில் மாவட்ட ஆட்சியர் போன்ற பிரேஃபே பதவியில் இருந்தவர். சதுப்பு நிலம் வடிப்பது, சாலை போடுவது என்று கோப்புகளுக்கு நடுவே, வெப்பம் பரவுவதைப் பற்றிய கணிதத்தை எழுதி 1822-இல் நூலாக்கினார். எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பது அது. 1975-இல் அதை இந்தப் படமெடுப்புக்குப் பொருத்திய கட்டுரையில் முதல் பெயர், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய அனில் குமார்.

பழைய கவுண்டர்

முடிவு என்ன என்று கேட்பீர்கள். மூளையில் வயதுக்கேற்ற தேய்மானம் தவிர வேறொன்றும் இல்லை. தலைசுற்றல், உள்காதில் இடம் மாறிய நுண்துகள்களால் வந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்கவைக்கும் ஒரு பயிற்சியில் சரியாயிற்று.

ஆனால் என்னை விடாமல் தொடர்வது வேறு. பணியில் இருந்தபோது கவுண்டரில் கூட்டம் சேர்ந்தால், எழுதத் திணறுகிறவர்களிடம் நான் சொல்வது உண்டு: "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக் கொடும்மா." கணவனை இழந்த ஒரு பெண்மணி அப்படியே போட்டுக் கொடுத்தார். 'உழைக்க இயலாத பிள்ளை உண்டா?' என்பது கேள்விகளில் ஒன்று. அவருக்கு அப்படி ஒரு மகன் இருந்தான். அவனுக்குச் சேர வேண்டிய தொகை இரண்டு ஆண்டுகள் தாமதமானது. அந்தப் பெண்மணி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, எதிரே பெஞ்சில் உட்காரவைத்தார். நான் கோப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்தக் கேள்வியையும் யாரோ ஒருவரின் துன்பத்தைப் பார்த்துத்தான் எவரோ சேர்த்திருப்பார்கள். எனக்கு அது ஒரு கட்டமாகத்தான் தெரிந்தது. என் பேத்தி வயதுப் பெண், கூட்டம் காத்திருக்க, நான் அவசரமாகப் போட்ட 'இல்லை'யை நம்பாமல் மறுபடியும் வாய்திறந்து கேட்டார். அன்று நான் கேட்டிருக்க வேண்டிய விதம் அதுதான்.

2024 ஏப்ரலில் பிரான்சில் சக்லே என்ற இடத்தில், 11.7 டெஸ்லா வலுவுள்ள 132 டன் காந்தம் மனித மூளையின் முதல் படங்களை வெளியிட்டது. இயந்திரம் இன்னும் வளரும், படிவமும் வளரும். பேஸ்மேக்கர் இருந்தால் கூடவே கூடாது என்றிருந்த விதி, 2011-இல் அமெரிக்கா ஸ்கேனுக்கு ஏற்ற ஒரு பேஸ்மேக்கரை அனுமதித்த பிறகு தளர்ந்திருக்கிறது. ஆனால் எந்த வகை என்ற அட்டை கையில் இருக்க வேண்டும். உடம்பில் எதை வைத்துத் தைத்திருந்தாலும் அதன் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சாயம் ஏற்றும் ஊசி போடப் போவதாகச் சொன்னால், சிறுநீரகக் கோளாறு இருப்பதை மறைக்காதீர்கள். பட்டறை, வெல்டிங் என்று ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் சொல்லுங்கள். முறை தவறினால் தவறட்டும்.

நான் அடித்து எழுதி, சுருக்கொப்பம் போட்ட அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வந்தேன். "எதுக்கு ஐயா?" என்று சிரித்தார் அந்தப் பெண். என் மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.